மணிக்கட்டில் ஒரு தோல் பட்டை: ஹன்னா கல்விக்கின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவைத் திருத்தி, கொஞ்சம் சுருக்கிய எழுத்து வடிவம் இது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான எபிசோட்.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறையப் பேர் ஒரே மாதிரிக் கேள்வி அனுப்பியிருந்தீங்க. "பிடிஎஸ்எம், டாமினன்ட், சப்மிஸிவ் எல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு மேலை நாட்டுல கிளம்பின விஷயம்தானே?" அதுல குறிப்பா ஒருத்தர் கேட்டது: ரெண்டு பெரியவங்க, ரெண்டு பேருக்கும் சம்மதம், ஒருத்தர் இன்னொருத்தருக்கு வீட்டு வேலை செய்றதையே உறவோட மையமா வச்சுக்கறாங்க, அதுக்குப் "பயிற்சி"ன்னு பேர் வேற வைக்கிறாங்க. இதுக்கு வரலாறுன்னு ஏதாவது இருக்கா?

இருக்கு. அதுவும் நாட்குறிப்பு, கடிதம், போட்டோவோட இருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

லண்டன், 1860கள். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர், அகன்ற தோள், சொரசொரத்துச் சிவந்த கைகள். வலது மணிக்கட்டில் அழுக்கேறிய ஒரு தோல் பட்டை. உடைக்குள்ளே, கழுத்தைச் சுற்றி ஒரு இரும்புச் சங்கிலி. சங்கிலியில் ஒரு பூட்டு. அதன் சாவி அந்த வீட்டு எஜமானரிடம் இல்லை. ஊரின் இன்னொரு பக்கம், டெம்பிள் என்ற வக்கீல்கள் வசிக்கும் வளாகத்தில் குடியிருக்கும் ஒரு கனவானின் பையில் இருக்கிறது. பெண்ணின் பெயர் ஹன்னா கல்விக். கனவானின் பெயர் ஆர்தர் மன்பி.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன விஷயம். இந்த எபிசோடில் இரண்டு பேரையுமே "அவர்" என்றுதான் சொல்லப்போகிறேன். நம்ம பழைய மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் எஜமானர் "அவர்", வேலைக்காரி "அவள்". ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. தமிழில் வாயைத் திறந்தாலே யார் மேலே, யார் கீழே என்று முடிவு செய்துவிடுகிறோம்.

ஹன்னா 1833 மே 26 அன்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் மாவட்டத்தில் ஷிஃப்னல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். அம்மா கல்யாணத்துக்கு முன் பெரிய வீட்டில் வேலை பார்த்தவர். ஹன்னா எட்டு வயதிலேயே வேலைக்குப் போய்விட்டார். பதினான்கு வயதில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். வீட்டுக்குப் போய் வர எஜமானி அனுமதிக்கவில்லை. பின்னால் வேறொரு பெரிய வீட்டில் கெட்டில்கள் தேய்க்கும்போது கூட இருந்த பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்ததை எஜமானி பார்த்துவிட்டார் என்பதற்காக வேலை போனது.

இதை ஏன் முதலிலேயே சொல்றேன்னா, ஹன்னாவுக்கு வீட்டு வேலையை யாரும் காதலுக்காகக் கத்துக்கொடுக்கலை. அதைக் கத்துக்கொடுத்தது வறுமை. மன்பியைப் பார்க்கும்போதே அவர் பதிமூணு வருஷ அனுபவம் உள்ள தொழிலாளி. இதை மறந்துட்டா மத்த எல்லாமே ஒரு விநோதக் காதல் கதையாத்தான் தெரியும்.

அந்த வேலை எப்படிப்பட்டது? அதிகாலையில் எழுந்து ஜன்னல் கதவுகளைத் திறப்பது, அடுப்புச் சாம்பலை அள்ளுவது, கணப்படுப்பின் இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பது, நெருப்பு மூட்டுவது, நிலக்கரிக் கூடையை மாடிக்குச் சுமப்பது, படுக்கையறைக் கழிவுப் பாத்திரங்களைக் கொட்டிக் கழுவுவது, வாசல்படியை மண்டியிட்டுத் தேய்ப்பது, கத்திகளைத் துலக்குவது, பூட்ஸ்களுக்கு மை போடுவது. இதற்கு நடுவில் சமையல், பரிமாறுதல். லண்டனில் புழங்கியது நிலக்கரிப் புகை. துடைத்து முடிக்கும் முன்பே அடுத்த அடுக்குக் கரி படிந்துவிடும். 1871 கணக்கெடுப்பின்போது இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். நடுத்தர வர்க்க வீடு என்றாலே வேலைக்காரி இருக்கும் வீடு என்றுதான் அர்த்தம். அந்தக் கைகள் மட்டும் கண்ணில் படக்கூடாது.

மன்பி 1828இல் யார்க் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். வழக்கறிஞராகத் தகுதி பெற்றார், தொழிலில் ஒட்டவில்லை. பிறகு 1888 வரை தேவாலயச் சொத்துகளை நிர்வகிக்கும் ஆணையத்தில் உத்தியோகம். கவிதை எழுதுவார், மாலை நேரத்தில் உழைப்பாளர் கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுப்பார். அவருடைய ரகசியப் பித்து வேறு: உழைக்கும் பெண்கள். சுரங்க வாசலில் நிலக்கரி சலிக்கும் பெண்கள், மீன்காரிகள், பால்காரிகள் என்று தேடித் தேடிப் போய்ப் பேசுவார், நாட்குறிப்பில் எழுதுவார், போட்டோ எடுக்க வைப்பார். இன்று பிரிட்டிஷ் உழைக்கும் பெண்களின் வரலாற்றை எழுதுபவர்கள் அவர் சேர்த்த படங்களையும் குறிப்புகளையும் தவிர்க்க முடியாது. அதே சமயம், படிக்கும்போது கொஞ்சம் முகம் சுளிக்காமலும் இருக்க முடியாது. பேனாவும் நேரமும் உள்ளவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவர் பார்வைக்கு நிற்பவர்கள்.

1854 மே 26. ஹன்னாவின் 21ஆவது பிறந்தநாள். எஜமானியின் குடும்பத்தோடு லண்டன் வந்திருந்த ஹன்னாவை மன்பி தெருவில் பார்க்கிறார், பேச்சுக் கொடுக்கிறார். அவருக்கு வயது 25. அன்று தொடங்கியது 1909 வரை, ஐம்பத்தைந்து வருஷம் நீடித்தது.

ஹன்னா அந்தச் சந்திப்புக்கு வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் கவனிக்கணும். லண்டனில் அவர் பார்த்த ஒரு நாடகம், பைரன் எழுதிய சர்தனபாலஸ். அதில் ராஜாவைக் காதலிக்கும் மிர்ரா என்ற அடிமைப் பெண் அவர் மனசில் ஒட்டிக்கொண்டாள். தன்னைவிட உயர்ந்த இடத்தில் உள்ள ஒருவரைக் காதலிக்க வேண்டும், ஆனால் தான் கீழேயே இருக்க வேண்டும் என்ற எண்ணம் மன்பி ஊட்டியது மட்டும் அல்ல.

சரி, "பயிற்சி"க்கு வருவோம். மன்பிக்கு அடுப்புக் கம்பி தேய்க்கத் தெரியாது. பூட்ஸ் துடைப்பதில் ஹன்னாவுக்கு அவரால் சொல்லித்தர எதுவும் இல்லை. அவர் கேட்டது வேறு: எழுது. தினமும் என்ன செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுதி எனக்கு அனுப்பு.

பதினாறு மணி நேர வேலைக்குப் பிறகு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஹன்னா எழுதினார். இன்ன நேரம் எழுந்தேன், இத்தனை அடுப்பு, இத்தனை படி. மாதக் கடைசியில் எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தேன் என்று கூட்டுத்தொகை. எந்த எஜமானியும் திரும்பிப் பார்க்காத வேலையை ஒருவர் வரி வரியாகப் படிக்கிறார். இன்றைய சமூகங்களில் சப்மிஸிவ் தன் டாமினன்ட்டுக்குத் தினக்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அதைப் புது விஷயம் என்று நினைத்தால், இதோ 1850களின் உதாரணம்.

அதன் மேல் சடங்குகள் வந்து சேர்ந்தன. மன்பியை அவர் "மாஸா" என்று அழைத்தார். விடுமுறை ஞாயிறுகளில் டெம்பிள் அறைக்குப் போய் அவருடைய பூட்ஸைத் துடைப்பார், கால் கழுவுவார். சில நாள் வேலை முடிந்த கோலத்திலேயே, கரி படிந்த முகத்தோடு போவார். அந்த அழுக்கு இரண்டு பேருக்கும் வெட்கம் அல்ல, சீதனம் மாதிரி. வேறு சில நாள் எல்லாம் தலைகீழாகும்: பலசாலியான ஹன்னா மன்பியைக் குழந்தை மாதிரி தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு நாள் புகைபோக்கி சுத்தம் செய்பவராக, ஒரு நாள் சீமாட்டியாக, ஒரு நாள் ஆணாக, ஒரு நாள் அடிமையாக நிற்பார்.

தெருவில் மட்டும் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு கனவானும் ஒரு வேலைக்காரியும் பக்கத்தில் நடந்தால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றும்.

"பணி" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வேலைக்கும் பணி. தலை வணங்குவதற்கும் பணி. பணிவு, பணிவிடை, பணிப்பெண், எல்லாம் ஒரே குடும்பம். ஹன்னாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் தன் வாழ்க்கையை விளக்க அத்தனை நோட்டுப் புத்தகங்கள் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

ஆனால் "மாஸா" என்ற சொல்லைச் சும்மா கடந்து போக முடியாது. அது கரும்புத் தோட்டங்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் எஜமானரை அழைத்த சொல். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது 1833இல், ஹன்னா பிறந்த அதே வருஷம். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் அமெரிக்காவில் அது 1865 வரை நடந்தது. அங்கே சங்கிலிக்குச் சாவியும் கிடையாது, சம்மதமும் கிடையாது. லண்டன் மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடிய காலம் அது. அந்தச் சரக்கைத்தான் இவர்கள் தங்கள் காதலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆன் மெக்ளின்டாக் 1995இல் வந்த "இம்பீரியல் லெதர்" நூலில் இந்த ஜோடியை விரிவாக அலசியதற்குக் காரணமே, இவர்களுடைய அறைக்குள் இனம், வர்க்கம், பேரரசு எல்லாமே வந்து உட்கார்ந்திருந்ததுதான். அந்தரங்க விளையாட்டு என்றாலும் பொம்மைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதே காலத்தில் ஐரோப்பாவின் இன்னொரு மூலையில் ஒரு எழுத்தாளர் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார். லியோபோல்ட் ஃபான் ஸாகர் மாஸோக், ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தவர். 1869 டிசம்பரில் ஃபானி பிஸ்டர் என்ற பெண்ணோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டார்: ஆறு மாதம் அவருக்கு அடிமை. சேவகன் வேடத்தில் அவரோடு இத்தாலிக்கு ரயில் ஏறினார். அந்த அனுபவம் 1870இல் நாவலானது. 1890இல் கிராஃப்ட் எபிங் என்ற மனநல மருத்துவர் அந்த எழுத்தாளரின் பெயரிலிருந்தே "மாஸோகிசம்" என்ற சொல்லை உண்டாக்கினார். பணக்கார ஆண் ஆறு மாதம் சேவகனாக நடித்தால் ஒப்பந்தம், நாவல், மருத்துவச் சொல் எல்லாம் கிடைக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் பழைய ஆளாகிவிடலாம். ஹன்னா மன்பியின் அறையிலிருந்து கிளம்பினால் போகவேண்டியது இன்னொரு வீட்டின் சமையலறைக்கு. அங்கேயும் மண்டியிட வேண்டும், அங்கே அது விளையாட்டு அல்ல.

அப்படியானால் அவர் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. லியோனோர் டேவிடாஃப் 1979இல் எழுதிய கட்டுரை வர்க்க அதிகாரத்தை அழுத்திச் சொன்னது. 1984இல் ஹன்னாவின் நாட்குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்ட லிஸ் ஸ்டான்லி, ஹன்னாவின் சொந்தப் புத்தியையும் பிடிவாதத்தையும் பார்க்கச் சொன்னார். நான் ஸ்டான்லி பக்கம் சாய்கிறேன். சில காரணங்களைச் சொல்றேன்.

முதலாவது அந்தத் தோல் பட்டை. ஒரு வீட்டில் எஜமானர்கள் அதைக் கழற்றச் சொன்னார்கள். பரிமாறும்போது அசிங்கமாக இருக்கிறதாம். ஹன்னா மறுத்தார், வேலை போனது. இங்கே பணிவின் சின்னம்தான் கீழ்ப்படியாமைக்கும் காரணம். சம்பளம் கொடுப்பவருக்கு உழைப்பு மட்டும்தான், என்னைக் கொடுத்திருப்பது வேறிடத்தில் என்கிற மாதிரி.

அடுத்தது, அவர் வேலைகளைத் தேர்ந்தெடுத்த விதம். அனுபவம் உள்ள பெண் படிப்படியாக மேலே போய் எஜமானிக்கு உடுத்திவிடும் தோழிப்பெண் ஆகலாம். கை அழுக்காகாது. ஹன்னா அந்தப் பக்கமே போகவில்லை, கடைநிலை வேலைதான் வேண்டும் என்றார். பணிவு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தோழிப்பெண் நாள் முழுக்க எஜமானியின் கண் முன்னால். பாத்திரம் தேய்ப்பவர் பின்கட்டில் இருப்பார், கடைக்குப் போகிற சாக்கில் வெளியே போவார். வேலைக்காரிகளுக்கு ஆண் நண்பர் வரக்கூடாது என்று வீட்டுக்கு வீடு விதி இருந்த காலத்தில், மன்பியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் அந்தப் பின்வாசல் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. கல்யாணம்.

பத்தொன்பது வருஷம் கழித்து, 1873 ஜனவரி 14 அன்று, கிளார்க்கன்வெல் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். கதையைக் கேட்கிற நமக்கு "அப்பாடா, கடைசில அங்கீகாரம் கிடைச்சுது"ன்னு தோணும். ஹன்னாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மன்பி திருமண உரிமத்தைக் காட்டியபோதே அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. எங்கள் அன்புக்கும் இந்தக் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிற தோரணைதான் அவர் நாட்குறிப்பில் தெரிகிறது.

சட்டத்தைப் பார்த்தால் அவர் கணக்கு புரியும். அன்றைய இங்கிலாந்தில் வேலைக்காரிக்குச் சம்பளம் உண்டு. வழக்கப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்டலாம். மனைவிக்கு நோட்டீஸ் கிடையாது. 1857 சட்டப்படி ஒரு பெண் விவாகரத்து கேட்டால் கணவரின் கள்ள உறவு மட்டும் போதாது, அதோடு கொடுமையோ கைவிடலோ இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். உழைத்துச் சம்பாதித்த பணம் மனைவிக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னதே 1870இல்தான். மனைவியைப் பூட்டி வைக்கக் கணவருக்கு உரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1891 ஆக வேண்டியிருந்தது. கழுத்துச் சங்கிலியின் பூட்டை நினைச்சுக்கோங்க. அந்தப் பூட்டைவிடக் கல்யாணப் பதிவேடுதான் கனமானது.

ஹன்னா என்ன செய்தார்? கல்யாணத்துக்குப் பிறகும் தனக்குச் சம்பளம் வேண்டும் என்றார். தன் சேமிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். டெம்பிள் அறைகளில் வேலைக்காரியாகவே குடியேறினார். விருந்தாளிகள் வந்தால் கதவைத் திறப்பார், தேநீர் வைப்பார், பின்னால் போய்விடுவார். வந்தவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு மனைவி இருப்பது தெரியாது. இன்றைய பாஷையில் சொன்னால் எல்லைகளைப் பேசி முடிவு செய்தது அவர். சேவை செய்கிறேன், ஆனால் சேவை என் தொழில், அதற்குக் கூலி உண்டு.

முரண் என்னவென்றால், மன்பிக்கு அது போதவில்லை. அழுக்கு முகத்து ஹன்னாவும் வேண்டும், பட்டு உடுத்திய ஹன்னாவும் வேண்டும். அதே 1873இல் பிரான்ஸுக்குப் பயணம் போனபோது ஹன்னா சீமாட்டியாக உடுத்தி, தொப்பியும் கையுறையும் போட்டு, கணவர் கையைப் பிடித்து நடந்தார். நன்றாகவே நடித்தார். ஆனால் பிடிக்கவில்லை. கையுறை இறுக்கம், சும்மா உட்கார்ந்திருப்பது சலிப்பு, எதையும் கையால் எடுக்கக்கூடாது. மன்பி தந்த எல்லாப் பயிற்சிகளிலும் அவர் திட்டவட்டமாக "முடியாது" என்றது இந்தச் சீமாட்டிப் பயிற்சிக்குத்தான். படி தேய்க்கச் சொன்னால் தேய்ப்பேன், சோபாவில் உட்காரச் சொன்னால் மாட்டேன்.

சண்டைகள் வந்தன. 1877இல் ஹன்னா டெம்பிளை விட்டுக் கிளம்பி, கடைசியில் தன் சொந்த ஷ்ராப்ஷர் பக்கமே போய்ச் சேர்ந்தார். உறவு முறியவில்லை. மன்பி அடுத்த முப்பது வருஷம் ரயில் ஏறி ஏறிப் போய் அவரைப் பார்த்தார். வேலைக்காரியைக் காதலித்து மணக்கும் கனவானைப் பற்றி 1896இல் ஒரு நீண்ட கவிதை நூல்கூட வெளியிட்டார். யாரைப் பற்றி என்று படித்தவர்களில் அநேகருக்குத் தெரியாது.

மன்பிக்கும் நியாயம் செய்யணும். ஊர் அறியத் தன் மனைவி என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, உண்மை. ஆனால் அந்த வர்க்கத்து ஆண்கள் வேலைக்காரிகளோடு உறவு வைத்து, கர்ப்பமானால் தெருவில் விட்ட காலத்தில், அவர் ஐம்பத்தைந்து வருஷம் ஒரே பெண்ணிடம் திரும்பத் திரும்பப் போனார். அந்தப் பெண்ணின் ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரப்படுத்தினார்.

அந்தக் காகிதங்களிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. நமக்குக் கிடைக்கிற ஹன்னாவின் குரல் பெரும்பாலும் மன்பி படிப்பதற்காக எழுதப்பட்டது. அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்து கரியையும் சேற்றையும் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கலாம். கால் வலியைக் குறைத்து எழுதியிருக்கலாம். ஆனால் எஜமானிகள் மேல் கோபம், சக வேலைக்காரிகளோடு சிரிப்பு, தன் உடல் பலத்தில் பெருமை, மன்பி மேல் எரிச்சல், இதெல்லாம் அங்கங்கே பிதுங்கிக்கொண்டு வருகிறது. உத்தரவுக்கு எழுதியவர் எழுத எழுத எழுத்தாளர் ஆகிவிட்டார். அந்த நூற்றாண்டில் ஒரு பாத்திரம் தேய்க்கும் பெண் தன் ஒரு நாளை மணிக்கு மணி எழுதிவைத்த ஆவணம் மிக அரிது. அது கிடைத்ததே இந்த உறவால்தான். எனக்கு இதுல கொஞ்சம் சங்கடமும் நிறைய சந்தோஷமும் உண்டு.

ஹன்னா 1909 ஜூலையில் இறந்தார். ஆறே மாதம் கழித்து, 1910 ஜனவரியில், மன்பி இறந்தார். உயில் திறக்கப்பட்டதும் கல்யாண விஷயம் வெளியே வந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

நாட்குறிப்புகள், கடிதங்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் பெட்டிகளில் பூட்டி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் மன்பி. அவர்கள் வேண்டாம் என்றதும் அது அவர் படித்த டிரினிட்டி கல்லூரிக்குப் போனது. நிபந்தனை: 1950க்கு முன் திறக்கக்கூடாது. திறந்த பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது, டெரக் ஹட்சன் 1972இல் முதல் புத்தகம் எழுத. அந்தப் புத்தகத்தின் தலைப்பில் இருந்தது மன்பியின் பெயர். ஹன்னாவின் எழுத்து அவருடைய சொந்தப் பெயரில் புத்தகமாக இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது. அந்த நாட்குறிப்பு 1873இல், கல்யாணம் நடந்த வருஷத்தோடு நிற்கிறது. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார்.